அவன் கால் படாத பங்களா

அக்கா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"எங்கியாவது கூட்டிட்டுப் போடா. மீன் புடிக்கிற எடமாப் பாரு. ஒரு வார்த்தை பேச வெச்சுக் கூட்டிட்டு வா. என்னைத் திட்டுனாக்கூடப் போதும்."

அக்காவின் கணவர், என் மாமா, பேச்சை நிறுத்தி அப்போது நான்கு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவர்களுக்கு ஒரே பிள்ளை. சிதம்பரத்தில் கல்லூரி விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தான். காமாலை கண்டது. விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தார்கள். கண் மஞ்சளானதைப் பார்த்து வீட்டுக்கு அழைத்து வந்தபோது மிகவும் தாமதமாகியிருந்தது. கடலூரில் எங்கள் கண் முன்னாலேயே போனான். அன்றைக்கு மாமா அழவில்லை. அதன் பிறகு பேசவும் இல்லை.

அவர் ஒரு பஞ்சாலையில் எஞ்சின் பிரிவு ஃபோர்மேன். நூற்புக் கதிர்கள் ஓடும் கூடத்தில் இரைச்சலில் எதுவும் காதில் விழாது. அங்கே எல்லாரும் கையால்தான் பேசுவார்கள். இரண்டு விரலைச் சுற்றினால் பெல்ட்டை மாற்று. உள்ளங்கையைக் கவிழ்த்தால் நிறுத்து. கட்டை விரலைத் தரையை நோக்கிக் காட்டினால் எண்ணெய் விடு. அதனால் ஃபோர்மேன் வாய் திறப்பதில்லை என்பது ஆலையில் வெகுநாள் யாருக்கும் தெரியவில்லை. அக்காவுக்கு மட்டும் முதல் நாளே தெரிந்தது. அவர் சோறு போதும் என்பதற்கு உள்ளங்கையைக் கவிழ்த்தார்.

அது அறுபதுகளின் நடுப்பகுதி. நான் கடலூரில் இருந்துகொண்டு ஒரு சென்னைப் பத்திரிகைக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். கலெக்டர் ஆபீஸ், கோர்ட், துறைமுகத்துக்கு வரும் கப்பல், மழைக்காலத்தில் வெள்ளம். தந்தியில் சொல்லுக்கு இவ்வளவு என்று கட்டணம் என்பதால் தேவையில்லாத சொல்லை எழுதிப் பழக்கமில்லை. ஒரு ஊருக்குப் போனால் யாரைப் பார்த்து என்ன கேட்க வேண்டும் என்பது தெரியும். அக்கா என்னிடம் சொன்னது அதனால்தான்.

மீன் பிடிப்பது மாமாவுக்கு ஆலையின் பழைய வெள்ளைக்கார எஞ்சினீயரிடமிருந்து வந்த பழக்கம். அவர் ஊரைவிட்டுப் போகும்போது தன்னுடைய தூண்டில் கம்பையும் பித்தளை ரீலையும் மாமாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். எங்கள் பக்கத்தில் அதை வைத்துக்கொண்டு ஆற்றங்கரையில் நிற்கும் மனிதர் அவர் ஒருவர்தான். கொடுவாவும் சீலாவும்தான் அவருக்கு மீன். மற்றதெல்லாம் குழம்புக்கு என்பார். சீலாவுக்கு நாய் போல நீண்ட வாயும் பல்லும். தூண்டில் நரம்பைக் கடித்து அறுத்துக்கொண்டு போய்விடும். கொடுவா அப்படியில்லை. ஆழத்தில் காத்திருந்து ஒரே பாய்ச்சலில் எடுக்கும். தூண்டில் பட்டதும் தண்ணீருக்கு மேல் முழு உடம்பும் எழும்பித் தலையை உதறும். அந்த உதறலில் பாதி மீன் தப்பிவிடும்.

பிள்ளை எட்டு வயதிலிருந்து அவருக்கு வலப்பக்கம் நின்றான். வேலை ஒன்றுதான். மீன் கரைக்கு அருகில் வந்ததும் மாமா திரும்பிப் பார்க்காமல் வலது கையை நீட்டி "வலை" என்பார். வளையம் கட்டிய கைவலையின் பிடி அந்தக் கையில் வந்து உட்கார வேண்டும். தாமதமானால் வசவு. கெடிலத்தின் முகத்துவாரம், உப்பனாறு, பெண்ணையாற்றுப் பாலம், பரங்கிப்பேட்டைக் கழி என்று அவர்கள் இருவரும் நிற்காத கரை கிடையாது. பையன் கல்லூரிக்குப் போன பிறகும் விடுமுறையில் வந்து வலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். மீசை வந்த பிள்ளையை அவர் அப்போதும் "தூங்குறியாடா?" என்று திட்டுவார்.

ஆக நான் தேட வேண்டிய இடம் எது என்பது எனக்குத் தெளிவாகவே இருந்தது. கொடுவா இருக்க வேண்டும். தலைக்கு மேல் கூரை இருக்க வேண்டும். பிள்ளையின் கால் படாத இடமாக இருக்க வேண்டும். அக்கா இன்னொன்றைச் சேர்த்தாள்.

"சங்கு கேக்காத எடமாப் பாரு."

ஆலைச் சங்கைச் சொன்னாள். பிள்ளையை எடுத்துக்கொண்டு போனபோது பகல் ஷிஃப்டுக்கான சங்கு ஊதியது. நாங்கள் அப்போது ஆலையின் மதில் ஓரமாகத்தான் போய்க்கொண்டிருந்தோம். கூட வந்தவர்களில் சிலர் கைக்கடிகாரத்தைத் திருகி நேரத்தைச் சரி செய்துகொண்டார்கள். பழக்கம்தான். ஷிஃப்டுக்குப் போக வேண்டியவர்கள் பின்னாலிருந்து ஒவ்வொருவராகக் கழன்று கேட்டுக்குள் போனார்கள். அதிலும் தப்பில்லை. தாமதமானால் உள்ளே விடமாட்டார்கள். மாமா நெருப்புச்சட்டியைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனவர், ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அவர் பார்த்ததை நானும் பார்த்தேன்.

முதலில் அணைக்கரைக்குப் போனேன். கொள்ளிடத்தின் குறுக்கே மதகுகள். கீழ்ப்பக்கம் தண்ணீர் நுரைத்து விழும் இடத்தில் ஆள் உயர வாளை மீன் கிடக்கும். அதையடுத்து மரங்களுக்கு நடுவில் பொதுப்பணித் துறையின் பங்களா. கொடுவா இல்லாவிட்டால் போகிறது, இடம் நல்ல இடம். மாமா எப்போதோ ஒரு முறை வந்திருப்பதாகத்தான் எனக்கு ஞாபகம். பஸ்ஸை விட்டு இறங்கிப் பங்களாவின் கேட்டைத் திறந்ததும் வாட்ச்மேன் எழுந்து வந்தார். நான் மாமாவின் ஆலையைச் சொன்னேன்.

"அட, நம்ம மில்லுக்கார அய்யாவா? வரச் சொல்லுங்க சார். ரூம்பு போட்டு வெக்கிறேன். தம்பியும் வருதா?"

"எந்தத் தம்பி?"

"அவரு மவன்தான். போன தடவ ஒரு வாளையக் கோட்ட வுட்டுட்டு அய்யாகிட்ட என்னா வாங்குச்சு தெரியுமா? நான் சொன்னேன், அழுவாத தம்பி, அது எங்கியும் போவாது, இந்த மதவுலியேதான் சுத்தும், அடுத்த தடவ வந்து பேரச் சொல்லிக் கூப்புடுன்னேன். சிரிச்சிது."

படிக்கிறான், வர முடியாது என்றேன். அவர் படிப்பைப் பற்றி இன்னும் ஏதோ கேட்டார். அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

பிறகு லால்பேட்டைப் பக்கம், ஏரிக்கரை. அங்கே ஓவர்சியர் ஒருவர், எனக்குத் தெரிந்தவர், பங்களாவின் ஒவ்வொரு அறையையும் திறந்து காட்டினார். குளிக்கும் அறையில் புது அண்டா வைத்திருப்பதைக்கூடத் தூக்கிக் காட்டினார். ஏரி கடல் மாதிரி கிடந்தது. விரால் கிடைக்கும், ஆனால் கரையோரமெல்லாம் தாமரைக்கொடி; கம்பும் ரீலும் அங்கே உதவாது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நாங்கள் கரையில் நின்றுகொண்டிருந்தபோது ஒரு பஸ் வந்து நின்று கல்லூரி மாணவர்கள் இறங்கினார்கள். வெள்ளைச் சட்டை, தோளில் தட்டிக்கொள்வது, ஒருவன் இன்னொருவனைத் தண்ணீரில் தள்ளப் பார்ப்பது. ஞாயிற்றுக்கிழமை என்றால் இப்படித்தான் சார் என்றார் ஓவர்சியர்.

கிள்ளையில் கழிமுகக் காடு இருக்கிறது. கொடுவாவுக்கு அதைவிட நல்ல இடம் இந்த மாவட்டத்திலேயே கிடையாது. ஆனால் சிதம்பரத்திலிருந்து ஒரு சைக்கிள் மிதி. விடுதிப் பையன்கள் அங்கே போகாமல் இருந்திருப்பார்களா? குமராட்சியில் ஒரு மிராசுதார் தன் களத்துக் கொட்டகையைத் தருவதாகச் சொன்னார். போய்ப் பார்த்தேன். வெள்ளத்தில் சுவர் பாதி கரைந்திருந்தது. நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் வரப்பிலிருந்து என்னைப் பார்த்து, அளக்க வந்த ஆள் என்று நினைத்து வேலையை நிறுத்தினார்கள்.

ஒரு மாதம் இப்படிப் போனது. அக்கா ஒவ்வொரு தடவையும் வாசலுக்கு வந்து என் முகத்தைப் பார்ப்பாள். மாமா உள்ளே நாற்காலியில் இருப்பார். அவருக்காகத்தான் இடம் தேடுகிறேன் என்பது அவருக்குத் தெரியும். வேண்டாம் என்று கையைக் கவிழ்க்கவில்லை. அந்த ஒன்றைத்தான் நாங்கள் பிடித்துக்கொண்டிருந்தோம்.

உப்பு பங்களாவைப் பற்றிச் சொன்னது ஓல்டு டவுன் டீக்கடையில் பழக்கமான உப்பு இலாகா இன்ஸ்பெக்டர். கொள்ளிடம் கடலில் விழும் இடத்துக்குச் சற்று முன்னால், வடகரையில், இலாகாவின் பழைய பங்களா ஒன்று இருக்கிறதாம். சாலை கிடையாது. படகில்தான் போக வேண்டும். பக்கத்தில் ஒரு மீனவர் குப்பம், அவ்வளவுதான்.

"ஆபீசருங்க போறதில்லியா?" என்றேன்.

"ஆபீசரா? பேயே அங்கருந்து டிரான்ஸ்பர் கேட்டு அப்ளிகேஷன் போட்டிருக்கு. நீ ஏன்யா அங்க போறே? எவனையாவது கடத்தி வெச்சிருக்கியா?"

"மீன் இருக்குமா?"

"அது மட்டும்தான் இருக்கும். நான் ஒருநாள் தங்கினேன். படிக்கட்டுகிட்டயே கொடுவா வந்து அடிக்குது, டமார் டமார்னு. தூக்கமே இல்ல."

செய்தியை இரண்டு இடத்தில் சரிபார்ப்பது வழக்கம். சிதம்பரத்துக்குப் போய்ப் பிள்ளையின் அறையில் கூட இருந்த பையனைத் தேடிப் பிடித்தேன். கீழவீதியில் ஒரு ஹோட்டலில் உட்கார்ந்தோம். அவன் இட்டிலியைத் தொடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் நேரடியாகக் கேட்கவில்லை. நீங்களெல்லாம் விடுமுறையில் எங்கெங்கே போவீர்கள் என்று கேட்டேன். கிள்ளை என்றான். ஸ்ரீமுஷ்ணம் தேர் என்றான். அணைக்கரை, பூம்புகார். கொள்ளிடம் முகத்துவாரம் என்றேன். "அங்க எப்படி சார் போறது? வழியே கெடையாதே" என்றான். பிறகு, "ஏன் சார், அவன் எங்கியாவது போனதா யாராவது சொன்னாங்களா?" என்று கேட்டான். அவன் கேட்ட விதத்தில், அப்படி யாராவது சொன்னால் நன்றாயிருக்கும் என்பது போல ஒன்று இருந்தது. இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்தேன். அவனுடைய இலையில் இட்டிலி அப்படியே இருந்தது. தெருவில் இறங்கியபோது, இடம் கிடைத்துவிட்டது என்ற திருப்தி எனக்கு இருந்தது. அந்த விஷயத்தில் எனக்கு இருந்த கடைசித் திருப்தி அது.

அமாவாசை, பௌர்ணமி பார்த்தேன். கடல் ஏற்றம் எப்போது, வற்றம் எப்போது என்று துறைமுகத்தில் கேட்டேன். சமையலுக்கு உப்பு பங்களா வாட்ச்மேனுக்குச் சொல்லி அனுப்பினேன். குடிதண்ணீர் எங்கே, பாம்பு உண்டா, கொசு உண்டா என்று கேட்டேன். கேட்க முடிந்த எதையும் நான் விடவில்லை.

புறப்படும் நாளில் மாமா தானாகவே கம்பை உறையிலிருந்து எடுத்தார். ரீலுக்கு எண்ணெய் விட்டார். அக்கா அடுப்படி வாசலில் நின்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்தாள். நான் கைவலையை எடுத்து மூட்டையில் செருகியபோது, அவர் அந்தப் பக்கம் திரும்பியிருந்த நேரம் பார்த்து வெளியே உருவினாள்.

"இது வேணாம்டா" என்றாள் மெதுவாக. "இது அவன் புடிச்சது." பரண்மேல் எறிந்துவிட்டாள்.

சிதம்பரம் வரை பாசஞ்சர். மாமா ஜன்னல் ஓரம். கரித்தூள் கண்ணில் விழுந்தபோது என்னிடம் கர்ச்சீப்பைக் கேட்டார், கையால்தான். கிள்ளை ஸ்டேஷன் வந்தபோது எதிர்ப்பக்கம் பார்த்தார். சிதம்பரத்தில் இறங்கியதும் நான் அவரை ஊருக்குள் கூட்டிப் போகாமல் ஸ்டேஷனிலிருந்தே ஜட்கா வைத்துக் கொள்ளிடக் கரைக்குப் போய்விட்டேன். அங்கே ஒரு படகுக்காரரை ஏற்கெனவே பேசி வைத்திருந்தேன். ஆற்றின் மேற்பக்கத்து ஊர்க்காரர். ஆறு வளைந்து வளைந்து அகலமாகிக்கொண்டே போனது. கரையில் நாணல், பிறகு அதுவும் இல்லை. உப்புக் காற்று வந்தது. மாமா தண்ணீரைப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒரு இடத்தில் மடவை மீன் குஞ்சுகள் கூட்டமாகத் துள்ளின. கீழே எதுவோ துரத்துகிறது என்று அர்த்தம். அவருடைய கை முழங்காலில் இருந்தபடி லேசாக மூடிக்கொண்டது. நான் அதைக் கவனித்தேன். அக்காவுக்குச் சொல்ல ஒன்று என்று நினைத்துக்கொண்டேன்.

குப்பம் தெரிந்தது. கட்டுமரங்களையும் படகுகளையும் மேட்டில் ஏற்றி, ஒரே பக்கம் மூக்கு வைத்து நிறுத்தியிருந்தார்கள். வலைகள் மடித்த மேனிக்கு இருந்தன. கழியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று இறால் தடவும் பெண்கள் எந்தக் குப்பத்திலும் இருப்பார்கள். இங்கே ஒருத்தியும் இல்லை. இன்றைக்கு லீவா என்று படகுக்காரரைக் கேட்டேன். "அவுங்க ஊரு சமாசாரம், நமக்கென்ன தெரியும்" என்றார். வற்றம் ஆரம்பிப்பதற்குள் திரும்ப வேண்டும் என்ற அவசரம் அவருக்கு. எங்களைப் படிக்கட்டில் இறக்கிவிட்டு, சொன்ன நாளில் வருவதாகச் சொல்லிப் போய்விட்டார்.

பங்களா ஓட்டுக் கட்டடம். சுற்றிலும் தாழ்வாரம். கதவில் பூட்டு தொங்கியது, பூட்டவில்லை. வாட்ச்மேன் இல்லை. அடுப்பு குளிர்ந்திருந்தது. நான் மூட்டைகளை உள்ளே வைத்துவிட்டு வந்தபோது, கீழே படிக்கட்டில் தண்ணீர் வெடித்தது போல ஒரு சத்தம் கேட்டது. இன்ஸ்பெக்டர் சொன்னது பொய்யில்லை.

மாமா கம்பைப் பூட்டிக்கொண்டிருந்தார். விரல்கள் வேகமாக வேலை செய்தன. ஒரு கட்டத்தில் நரம்பைப் பல்லால் கடித்தார். கடலூரில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மனிதரில்லை அவர். கடைசிப் படியில் இறங்கி நின்று ஒரே வீச்சு. தூண்டிலில் கட்டிய மினுக்கும் தகடு தூரத்தில் போய் விழுந்தது. சுற்றினார். மறுபடி வீசினார். மூன்றாவதோ நான்காவதோ வீச்சில் கம்பு வில்லாக வளைந்தது.

மீன் எழும்பியது. நான் அவ்வளவு பெரிய கொடுவாவைச் சந்தையில்கூடப் பார்த்ததில்லை. வெள்ளிப் பக்கமும் பொன் கண்ணும் வெயிலில் ஒரு விநாடி நின்றன. தலையை உதறியது, செவுள் தகடு அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. தப்பவில்லை. ரீல் கீச்சிட்டுக்கொண்டு ஓடியது. மாமா பின்னால் சாய்ந்தார், விட்டார், சுற்றினார். "அப்படி வா" என்றார். எனக்குக் காது சரியாகக் கேட்டதா என்று சந்தேகம். "வா, வா, அவசரமில்ல" என்றார். தொண்டை கரகரத்தது, ஆனால் அவருடைய பழைய குரல். நான் படியில் அப்படியே நின்றேன்.

மீன் களைத்து, பக்கவாட்டில் சாய்ந்து, படியை நோக்கி வந்தது. மாமா திரும்பாமல் வலது கையை நீட்டினார்.

"வலை" என்றார்.

கை காற்றில் இருந்தது. விரல்கள் விரிந்திருந்தன.

"வலைய எடுடா" என்று, பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கத்தினார். "தூங்குறியாடா?"

நான் எதுவும் செய்யவில்லை. கொடுப்பதற்கு வலை இல்லை. அந்தக் கை எவ்வளவு நேரம் அப்படி இருந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. பிறகு அது மெல்லக் கீழே இறங்கியது. அவர் கம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு, பின்பக்கமாக ஏறி, மீனைப் படிக்கல்லில் இழுத்துப் போட்டார். அது வாலால் கல்லை அடித்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கரையோரமாக மூன்று பேர் வந்தார்கள். இடுப்பில் துண்டு, மேலே சட்டையில்லை. நடுவில் வந்தவர் வயதில் மூத்தவர், ஊர்ப் பஞ்சாயத்தார்.

"யாருங்க அது? தூண்டில எடுங்க மொதல்ல."

நான் முன்னால் போய் இலாகாவின் அனுமதியோடு வந்திருக்கிறோம் என்றேன். பத்திரிகையின் பெயரையும் சொன்னேன்.

"இருங்க. கலெக்டராவே இருங்க" என்றார் அவர். "ஊர்ல ஒரு சாவு. எடுக்கற வரைக்கும் தண்ணியில யாரும் கை வெக்கக்கூடாது. எங்க ஊர்ல அதான் கட்டு. ஒங்க வாட்ச்மேனும் அங்கதான் கெடக்கறான்."

"தெரியாதுங்க."

"தெரியாதுதான். அதுக்குத்தான் சொல்ல வந்தோம். அடிக்கவா வந்தோம்?"

இளையவர் ஒருவர் மீனை எட்டிப் பார்த்தார். "இவ்ளோ நாளு நாங்க கெடையாக் கெடந்தும் மாட்டல. இன்னிக்கிப் பாத்து வந்து மாட்டுது பாரு, கெழவன் வேலைதான் இது."

"செத்துப் போயும் வம்பு பண்றான்" என்றார் இன்னொருவர்.

இறந்தது யார் என்று கேட்டேன். பஞ்சாயத்தார் சலிப்போடு கையை உதறினார்.

"ஒரு கெழவன். பொண்டாட்டி இல்ல, புள்ள இல்ல. குடிச்சிப்புட்டு எல்லார் வாசல்லயும் நின்னு ஏசறதுதான் வேல. நேத்து வரைக்கும் அவனத் திட்டாத ஆளு ஊர்ல கெடையாது."

"நான் போன வாரம் ஒரு அறை வுட்டேன்" என்றார் இளையவர். "இப்பப் பாடை கட்டிட்டு வரேன்."

மாமா படியிலிருந்து ஏறி வந்தார். அவர்களுக்கு முன்னால் நின்றார்.

"எல்லாரும் நின்னுட்டாங்களா?" என்று கேட்டார்.

பஞ்சாயத்தாருக்குப் புரியவில்லை. "என்னாங்க?"

"அந்தக் கெழவனுக்கு. எல்லாரும் வேலைய நிறுத்திட்டாங்களா?"

"நிறுத்தாம? ஒரு படகு எறங்கல. நண்டு பொறுக்கற பொம்பளைங்ககூட எறங்கல. எவனா இருந்தா என்னங்க, செத்தவன் செத்தவன்தான்."

மாமா தலையை ஆட்டினார். "எங்க ஊர்ல நிறுத்தல" என்றார்.

அவர்கள் என்னைப் பார்த்தார்கள். பஞ்சாயத்தார் சற்று நேரம் மாமாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, குரலைத் தணித்துக்கொண்டார்.

"மீனு உசுரோட இருந்தா வுட்டுடுங்க அய்யா. இன்னிக்கிப் புடிச்சதத் திங்கவும் கூடாது, விக்கவும் கூடாது."

மாமா படியில் இறங்கி, தூண்டிலைக் கழற்றி, மீனை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார். வேட்டி மிதந்தது. மீனை வயிற்றடியில் தாங்கி, தலையை நீரோட்டத்துக்கு எதிராக வைத்துக்கொண்டு முன்னும் பின்னும் அசைத்தார். களைத்த மீனுக்குச் செவுள் வழியாகத் தண்ணீர் ஓட வேண்டும். பையனுக்கு அதைக் கற்றுக்கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். கொஞ்ச நேரத்தில் வால் அசையும், கையிலிருந்து நழுவிப் போகும்.

வால் அசையவில்லை. வெயிலில் படிக்கல்லில் கிடந்த நேரம் அதிகமாகிவிட்டது. கையைத் தளர்த்தினால் மீன் புரண்டு வெள்ளை வயிறு மேலே வந்தது. அவர் நிமிர்த்தினார். மறுபடி புரண்டது. மறுபடி நிமிர்த்தினார். மீனின் கண்ணுக்கு இமை கிடையாது. அதைப் பார்த்து எதையும் தெரிந்துகொள்ள முடியாது. அது அப்போதும் பொன்னாகவே இருந்தது.

"போயிடுச்சுங்க" என்றார் பஞ்சாயத்தார் கரையிலிருந்து. "வுட்டுடுங்க."

மாமா விடவில்லை. முன்னும் பின்னும் அசைத்துக்கொண்டே இருந்தார். மூன்று பேரும் போகாமல் நின்றார்கள். அவர்களுக்கு அங்கே வேலை கிடந்தது. குப்பத்தின் பக்கமிருந்து மேளம் கேட்கத் தொடங்கியது. இளையவர் துண்டை இடுப்பிலிருந்து அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். கடைசியில் வற்றம்தான் அந்த மீனை வாங்கிக்கொண்டது. தண்ணீர் கடலை நோக்கி இழுக்க ஆரம்பித்ததும் அவருடைய கையில் பலம் போதவில்லை.

சாயங்காலம் கிழவனை எடுத்தார்கள். மாமா தாழ்வாரத்திலிருந்து பார்த்தார். ஊர் மொத்தமும் மணலில் நடந்து போனது. யாரும் இடையில் கழன்று போகவில்லை. அதைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். நான் ஏதாவது பேசச் சொல்லிக் கேட்கவில்லை. அவரும் பேசவில்லை.

மறுநாள் காலை படகுகள் எல்லாம் ஒன்றாக இறங்கின. வாட்ச்மேன் கண் சிவந்து வந்து, சமைக்காமல் போனதற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு, "இன்னிக்கி ஓட்டம் நல்லாருக்கு, எறங்குங்க அய்யா, தடையில்ல" என்றார். மாமா அவரைப் பார்த்து உள்ளங்கையைக் கவிழ்த்தார். வாட்ச்மேனுக்கு அது என்னவென்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது.

மீன் விற்கப் போகும் படகு ஒன்றில் அன்றைக்கே திரும்பினோம். கம்பை அவர் பங்களாவின் சுவரில் சாய்த்து வைத்தபடியே விட்டுவிட்டு வந்தார். மறந்து வைத்ததில்லை. ரீலைத் துணியால் துடைத்துவிட்டுத்தான் வைத்தார். நானும் எடுக்கவில்லை. ரயிலில் கரித்தூளுக்குக் கண்ணை மூடிக்கொண்டார். கடலூரில் இறங்கி வீட்டுத் தெருவுக்குள் திரும்பும்போது மாலைச் சங்கு ஊதியது. அவர் நடையில் எந்த மாற்றமும் இல்லை.

அக்கா வாசலில் நின்றாள். சொன்ன நாளுக்கு முன்பே வந்துவிட்டோம் என்பதை நல்ல சேதி என்று எடுத்துக்கொண்டிருந்தாள். அது அவள் முகத்தில் தெரிந்தது. மாமா அவளைக் கடந்து உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் என் பக்கம் வந்தாள்.

"பேசினாராடா?"

"பேசினாரு."

அவள் இரண்டு கையையும் மார்பில் வைத்துக்கொண்டாள். "என்ன பேசினாரு?"

"வலை கேட்டாரு."

"யார்கிட்ட?"

நான் செருப்பைக் கழற்றக் குனிந்தேன். இரண்டையும் கழற்றிய பிறகும் குனிந்தே இருந்தேன். அவள் உள்ளே போனாள். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு உள்ளே அவள் சோறு போடும் சத்தம் கேட்டது. பிறகு அந்தச் சத்தம் நின்றது. அவர் கையைக் கவிழ்த்திருக்க வேண்டும்.